வைப்ரேட்டர் போல்ட் பத்து நாளுக்கு ஒருமுறை லூஸ் ஆகிறது, 12.9 போட்டால் நிற்குமா?

ஜல்லிச்சல்லடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கிரஷரில் ஓடும் மூன்றடுக்குச் சல்லடை. வைப்ரேட்டர் இரண்டு பக்க சைடு பிளேட்டிலும் பிளேஞ்ச் வைத்து போல்ட் போட்டது. பக்கத்துக்கு 8, மொத்தம் 16.

போல்ட் எம்16 × 60, தலையில் 8.8 என்று வலுத் தரம் (எண் ஏறினால் வலு ஏறும்) இருக்கிறது. தலைப்பக்கம் ஒரு பிளெய்ன் வாஷர், நட் பக்கம் ஒரு பிளெய்ன் வாஷரும் ஸ்பிரிங் வாஷரும். சைடு பிளேட் 10 மி.மீ., பிளேஞ்ச் 20 மி.மீ., ஓட்டை 17.5. நிமிடத்துக்கு 950 சுற்று, மேலிருந்து கீழ் வரை துள்ளல் 8 மி.மீ. வைப்ரேட்டர் நீங்கலாகச் சல்லடையின் எடை ஏறக்குறைய 3 டன்.

ரிங் ஸ்பேனரில் பைப் சொருகி, ஆள் தொங்கித்தான் டைட் வைக்கிறோம். அப்படியும் பத்து நாளில் நாலைந்து போல்ட் லூஸ். போன மாதம் ஒரே பக்கத்தில் இரண்டு முறிந்துவிட்டன. ஸ்பிரிங் வாஷரை இரட்டையாகப் போட்டும் பார்த்தாகிவிட்டது. 12.9 போட்டால் நிற்குமா, வேறு வழி இருக்கிறதா?

குவாரி_ஃபிட்டர் எழுதியது:

12.9 போடுங்க, நைலாக் நட் (உள்ள நைலான் வளையம் வச்ச நட்) போடுங்க. அதுக்கும் அடங்கலன்னா நட் ஓரத்துல ஒரு சின்ன டேக் வெல்டு. எங்கயும் அசையாது.

மரையும்_இழுவையும் எழுதியது:

டேக் வெல்டு மட்டும் வேண்டாம் சார். 8.8 போல்ட்டுக்கு அந்த வலு வந்ததே சூடேற்றிக் குளிர்வித்து, பிறகு குறைந்தது 425 டிகிரியில் பதம் பார்த்ததால்தான். வெல்டு பட்ட இடத்தில் அந்தப் பதம் கெட்டு, பக்கத்தில் கண்ணாடி மாதிரி நொறுங்கும் ஒரு வளையம் உருவாகிவிடும். வெல்டு சைடு பிளேட்டையும் தொட்டுவிட்டால் அதிர்கிற பிளேட்டில் கீறல் தொடங்க நீங்களே இடம் போட்டுக் கொடுத்த மாதிரி. நட் சுற்றாது, உண்மைதான். ஆனால் இழுவை (இறுக்கும்போது போல்ட் நீண்டு அமுக்கிப் பிடிக்கும் விசை) போன பிறகு நட் சுற்றாமல் நின்று என்ன பயன்?

கேட்டவருக்கு: உங்கள் எண்களை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

துள்ளல் 8 மி.மீ. என்றால் நடுவிலிருந்து 4 மி.மீ. 950 சுற்றில் அது புவியீர்ப்பைப் போல நான்கு மடங்கு முடுக்கம். 3 டன் சல்லடையை அப்படி உலுக்க 12 டன் விசை வேண்டும். அந்த 12 டன்னும் வைப்ரேட்டரிலிருந்து சைடு பிளேட்டுக்குப் போக 16 போல்ட் இருக்கும் இடத்தைத் தவிர வேறு பாதை கிடையாது. ஒரு போல்ட் பங்குக்கு சுமார் 0.76 டன், குறுக்குவாட்டில், திசை மாறி மாறி, நிமிடத்துக்கு 950 தடவை.

இந்த 0.76 டன்னை போல்ட்டின் தண்டு தாங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். தண்டு அதைத் தொடவே கூடாது. 17.5 மி.மீ. ஓட்டையில் 16 மி.மீ. போல்ட், சுற்றிலும் இடைவெளி இருக்கிறதே. தாங்க வேண்டியது பிளேஞ்சும் பிளேட்டும் ஒன்றையொன்று அழுத்தும்போது கிடைக்கும் உராய்வு. போல்ட்டின் வேலை ஒன்றுதான்: விறைப்பான ஸ்பிரிங் மாதிரி நீண்டு நின்று, இரண்டையும் சேர்த்து அமுக்கிப் பிடிப்பது.

எம்16 மரையின் இழுவைப் பரப்பு 157 சதுர மி.மீ. 8.8 தரத்துக்குச் சோதனைச் சுமை (நிரந்தரமாக நீளாமல் தாங்கும் சுமை) 91 கிலோ நியூட்டன். அதில் முக்கால் பங்கு இழுவை வைப்பது வழக்கம்: 68 கிலோ நியூட்டன், நம் கணக்கில் 6.9 டன். பெயின்ட் அடித்த முகத்துக்கு உராய்வுக் குணகம் 0.15 என்று வைத்தால் ஒரு போல்ட் 1.04 டன் வரை வழுக்காமல் பிடிக்கும். தேவை 0.76. பாஸ் ஆகிறது, ஆனால் பார்டர் மார்க்.

இப்போது பெயின்ட்டுக்கு வருவோம். 6.9 டன் இழுவையில் உங்கள் போல்ட் எவ்வளவு நீள்கிறது தெரியுமா? 30 மி.மீ. பிடிப்பு நீளத்தில், தலைக்குள்ளும் நட்டுக்குள்ளும் நீளும் பகுதியைச் சேர்த்தாலும் சுமார் 0.09 மி.மீ. மொத்த பிடியும் அந்த நூலிழை நீட்சியில்தான் இருக்கிறது. பிளேஞ்ச் முகம், பிளேட் முகம், தலை அடி, நட் அடி என்று நான்கு இடத்தில் பெயின்ட் இருந்து, எல்லாம் சேர்ந்து 0.04 மி.மீ. நசுங்கினால் 2.5 டன் இழுவை போய்விடும். மீதி 4.4 டன். அதை 0.15 ஆல் பெருக்கினால் 0.66. தேவையோ 0.76. வழுக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு நட்கூட இன்னும் சுற்றவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வழுக்கல் வந்த பிறகுதான் நட் சுற்றும். மரையில் உராய்வு இருக்கும் வரை நட் கழலாது. குறுக்குவாட்டில் ஒவ்வொரு முறை வழுக்கும்போதும் அந்த உராய்வு ஒரு கணம் விட்டுப்போகிறது, அந்தக் கணத்தில் மரையின் சாய்வு நட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளுகிறது. இதை 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் குறுக்கு அதிர்வு மெஷின் ஒன்றில் செய்து காட்டினார். இன்றைக்கும் பூட்டு வாஷர்களை அந்த மாதிரி மெஷினில்தான் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனையில் ஸ்பிரிங் வாஷர் போட்ட போல்ட் வெறும் போல்ட்டைவிடப் பெரிதாக நிற்பதில்லை. காரணம் எளிது: முழு இழுவையில் சிறு பங்கு வந்ததுமே அது தட்டையாகிவிடும். அதற்குப் பிறகு அது வெட்டுப்பட்ட ஒரு பிளெய்ன் வாஷர், அவ்வளவுதான். இரட்டையாகப் போட்டதில் நசுங்க இன்னும் இரண்டு முகம் கூடியதுதான் மிச்சம்.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, முறிந்த போல்ட்டின் முகம் எப்படி இருக்கிறது, எந்த இடத்தில் முறிந்தது. இரண்டு, வைப்ரேட்டரை இறக்கும்போது பிளேஞ்ச் முகத்தில் என்ன தெரிகிறது.

முறிவுமுகம் எழுதியது:

முறிந்த துண்டைத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், தடயம் போய்விடும்.

ஓரத்தில் ஒரு புள்ளியில் தொடங்கி, அலை வந்துபோன ஈர மணல் மாதிரி வளைவு வளைவாக வழவழப்பும் கடைசியில் சொரசொரப்பான ஒரு பகுதியும் இருந்தால் அது களைப்பு முறிவு. கடைசிச் சொரசொரப்பு சின்னதாக இருந்தால் முறியும்போது போல்ட்டில் சுமை குறைவு, அதாவது லூஸாகவே நெடுநேரம் ஆடியிருக்கிறது. முறிந்த இடத்துக்குப் பக்கத்தில் தண்டு இடுப்பு ஒடுங்கியிருந்தால் பைப் போட்டு இழுத்ததில் போன கேஸ். ஒடுங்கவும் இல்லை, வளையமும் இல்லை, சர்க்கரைப் பரல் மாதிரி மின்னுகிறது, டைட் வைத்த ஓரிரு நாளில் தலை தானாகத் தெறித்தது என்றால் ஹைட்ரஜன் புகுந்த போல்ட்.

அந்தக் கடைசி வகைதான் 12.9க்கு நான் தயங்கக் காரணம். கடையில் பளபளவென்று ஜிங்க் பூசிக் கிடைக்கும் 12.9ஐ நம்பாதீர்கள். பூச்சுத் தொட்டியில் புகும் ஹைட்ரஜன் அவ்வளவு கடினமான எஃகைத் தாமதமாக உடைக்கும். 190 முதல் 230 டிகிரியில் பல மணி நேரம் சுட்டு வெளியேற்ற வேண்டும், செய்தார்களா என்று கடையில் யாருக்கும் தெரியாது. கறுப்பு 12.9 வாங்கினால் இந்தப் பயம் குறைவு, ஆனால் துருப்பிடிக்கும்.

இன்னொன்று. தரம் ஏறினால் களைப்பு வலு ஏறாது. மரையில் மாறி மாறி வரும் சுமையை 8.8, 10.9, 12.9 மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தாங்கும். எம்16க்கு கூட்டியும் குறைத்தும் முக்கால் டன் ஆட்டம், அவ்வளவே. உயர்ந்த தரத்தால் கிடைக்கும் லாபம் கூடுதல் இழுவை வைக்கலாம் என்பது மட்டும். 12.9 வாங்கி 8.8 டைட் வைத்தால் காசுக்குக் கேடு.

ஜல்லிச்சல்லடை எழுதியது:

இன்று ஒரு பக்கம் கழற்றினோம். பார்த்தது:

முறிந்த இரண்டும் நட் முகத்தை ஒட்டி, மரையில். வளைய வளையமாக முக்கால் பங்கு வழவழப்பு, ஓரத்தில் கொஞ்சம் சொரசொரப்பு. இடுப்பு ஒடுங்கவில்லை.

பிளேஞ்ச் முகத்தில் கெட்டியான பெயின்ட். போல்ட் ஓட்டையைச் சுற்றி மட்டும் உரிந்து, காவி நிறத்தில் மாவு மாதிரித் தூள். இரண்டு ஓட்டை நீள்வட்டமாகி ஒரு பக்கம் 18.5 வருகிறது. நட்டில் எந்த எண்ணும் இல்லை. பிளெய்ன் வாஷரில் நட் உட்கார்ந்த தடம் குழியாகத் தெரிகிறது. ஸ்டிரெய்ட் எட்ஜ் வைத்தால் பிளேஞ்சின் ஒரு மூலையில் 0.4 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கும் தகடு) நுழைகிறது.

மரையும்_இழுவையும் எழுதியது:

அந்தக் காவித் தூள்தான் சாட்சி. இரும்பு இரும்போடு மில்லிமீட்டருக்கும் குறைவாக முன்னும் பின்னும் தேய்ந்து துருவானது. வழுக்கல் நடந்திருக்கிறது. நட்டை ஒட்டி முறிந்ததிலும் ஆச்சரியமில்லை. நட்டுக்குள் நுழையும் முதல் மரையே மொத்த சுமையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது.

எண் இல்லாத நட்டை இன்றே குப்பையில் போடுங்கள். 8.8 போல்ட்டுக்கு 8 என்று பொறித்த நட், 10.9க்கு 10. நட் மெத்தென்றிருந்தால் மரை உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வழியும். டைட் ஏறுகிற மாதிரியே கையில் தெரியும், இழுவை ஏறாது. வாஷரும் அதே கதைதான்: தகடு வெட்டிச் செய்த மெத்து வாஷரில் நட் குழி பறித்தால், பறித்த ஆழம் அந்த 0.09 நீட்சியிலிருந்து கழிகிறது. 300 விக்கர்ஸ் கடினம் உள்ள, 3 மி.மீ. தடிமனான வாஷர் கேட்டு வாங்குங்கள். தலைப்பக்கம் ஒன்று, நட் பக்கம் ஒன்று.

என் பரிந்துரை 10.9. பெயின்ட் எடுத்த வெறும் இரும்பு முகத்துக்கு உராய்வு 0.2 என்று ஐஎஸ் 800 (எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி) தருகிறது. சுத்தமான முகம் இறுக்கிய பிறகு நசுங்கி அமர்வது 0.01 மி.மீ. அளவுதான், அதில் 0.6 டன் போகும். 8.8 என்றால் 6.3 டன் மீதி, பிடி 1.26 டன். தாராளமாகத் தெரிகிறது அல்லவா? ஆனால் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினாலும் போல்ட்டுக்குப் போல்ட் இழுவை 30 சதவீதம் வரை ஏறி இறங்கும். நாம் போடும் முறுக்கில் பாதி நட் அடி உராய்வுக்கும், 40 சதவீதம் மரை உராய்வுக்கும் போய், கடைசிப் பத்து சதவீதம்தான் போல்ட்டை இழுக்கிறது. உராய்வு கொஞ்சம் மாறினாலும் அந்தப் பத்து ஆட்டம் காணும். மோசமான 8.8 போல்ட் 4.8 டன்னில் தொடங்கி 4.2இல் நிற்கும், பிடி 0.84. மயிரிழையில் தப்பிக்கிறது. 10.9இல் இலக்கு 10 டன். மோசமானது 7 டன்னில் தொடங்கி 6.4இல் நிற்கும், பிடி 1.28. இந்த வித்தியாசத்துக்காகத்தான் தரம் ஏற்றுகிறோம், போல்ட் முறியும் என்ற பயத்துக்காக அல்ல.

வேலை செய்யும் வரிசை:

மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போடுங்கள். 16 போல்ட்டையும் மாற்றுங்கள். முறிந்தவற்றுக்குப் பக்கத்தில் இருந்தவை பார்க்க நன்றாக இருந்தாலும் மரை அடியில் கீறல் தொடங்கியிருக்கும்.

பிளேஞ்ச், பிளேட், தலை அடி, நட் அடி எல்லா இடத்திலும் பெயின்ட்டைச் சுத்தமாக எடுங்கள். ஓட்டை விளிம்பில் பிசிறு இருந்தால் தட்டை அரத்தால் தட்டிவிடுங்கள். கவுன்ட்டர்சிங்க் போட்டு அகலமாக்க வேண்டாம், அமுக்கும் பரப்பு குறையும். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் தின்னரால் துடையுங்கள். திரும்பப் பெயின்ட் அடிப்பது இறுக்கி முடித்த பிறகு, வெளியே மட்டும்.

நீள்வட்டமான இரண்டு ஓட்டைகளை 22க்கு விரித்து எம்20 போடலாம், பக்கத்து ஓட்டைக்கும் விளிம்புக்கும் தூரம் இருந்தால். 18.5இல் எம்16ஐயே விட்டுவைப்பதும் உராய்வு இணைப்பில் குற்றமில்லை, கடின வாஷர் முழுமையாக உட்கார வேண்டும் என்பதே நிபந்தனை.

அந்த 0.4 மி.மீ. மூலைதான் எனக்குக் கவலை. போல்ட் இழுத்து அதை மூடிவிடும், கண்ணுக்கு டைட்டாகவும் தெரியும். ஆனால் 20 மி.மீ. பிளேஞ்சை வளைக்கச் செலவாகும் இழுவை பிடியில் சேராது. பிளேஞ்சை மெஷினில் போட்டு முகம் எடுப்பதே நேர்வழி. எடுத்த பிறகு சைடு பிளேட்டுகளுக்கு நடுவில் நீளம் குறைந்துவிட்டால், பிளேஞ்ச் அளவுக்கே ஓட்டையோடு வெட்டிய ஒரே ஸ்டீல் ஷிம் (இடைவெளி நிரப்பும் தகடு). இரண்டு மூன்று தகட்டை அடுக்கிவைத்தால் ஒவ்வொரு முகமும் தனித்தனியாக அமரும்.

இடம் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. நட் பக்கம் 30 வெளிவிட்டம், 17 உள்விட்டம், 50 மி.மீ. நீளத்தில் ஒரு ஸ்லீவ் கடைந்து, போல்ட்டை எம்16 × 110 ஆக்குங்கள். பிடிப்பு நீளம் 30லிருந்து 80 ஆகிவிடும். நீளமான போல்ட் அதிகம் நீளும். முன்பு 2.5 டன்னைத் தின்ற அதே 0.04 நசுங்கல் இப்போது 1.1 டன்னைத்தான் தின்னும். வெறும் ஒரு குழாய்த் துண்டு, ஆனால் எந்த ஸ்பிரிங் வாஷரும் செய்யாத வேலையைச் செய்யும்.

டார்க்_ரெஞ்ச் எழுதியது:

மேலே சொன்னதோடு இறுக்கும் முறையைச் சேர்க்கிறேன்.

முறுக்கு = கே × இழுவை × விட்டம். கே என்பது உராய்வைப் பொறுத்து மாறும் எண். எம்16, 10.9, 98 கிலோ நியூட்டன் இழுவை. மரையிலும் நட் அடியிலும் சாதா எஞ்சின் ஆயில் தடவினால் கே 0.15, முறுக்கு 235 நியூட்டன் மீட்டர். காய்ந்த போல்ட்டுக்கு 0.2, முறுக்கு 313. மாலிப்டினம் பேஸ்ட் என்றால் 0.12, முறுக்கு 188. மூன்றும் தருவது ஒரே இழுவை. பேஸ்ட் தடவிவிட்டு 313 வைத்தால் போல்ட் நீண்டே போகும். ஒன்றை முடிவு செய்து 16க்கும் அதையே தடவுங்கள். பிளேஞ்ச் முகத்தில் ஒரு சொட்டுக்கூட விழக்கூடாது.

எதிர் எதிராக நட்சத்திர வரிசை. முதல் சுற்று 70, இரண்டாவது 165, மூன்றாவது 235. அதன்பின் வட்டமாக ஒரு சுற்று 235லேயே, எந்த நட்டும் நகராத வரை. முதல் போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், அடுத்தது இறுகும்போது முதலாவது தளரும். தலையை ஸ்பேனரில் பிடித்து நட்டைச் சுற்றுங்கள்.

ரெஞ்சை மெதுவாக ஒரே இழுப்பில் இழுத்து, கிளிக் வந்ததும் நிறுத்துங்கள். ஆசைக்கு இன்னொரு கிளிக் கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வையுங்கள், உள் ஸ்பிரிங் களைத்துவிடும். அதை நட் கழற்றும் கம்பியாக யாராவது ஒருமுறை பயன்படுத்தினாலும் அளவு நம்பிக்கை இல்லை. வருடம் ஒருமுறை அல்லது 5,000 இழுப்புக்கு ஒருமுறை அளவு சரிபார்க்க வேண்டும். இம்பாக்ட் கன் கழற்ற மட்டும்.

இரண்டு மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, 235லேயே ஒரு சுற்று. பிறகு தலை, நட், பிளேட் மூன்றையும் தொட்டு பெயின்ட் கோடு. இந்தக் கோடு வெறும் அழகுக்கு இல்லை. பத்து நாள் கழித்து கோடு விலகியிருந்தால் நட் சுற்றியிருக்கிறது, எனவே வழுக்கல் இன்னும் இருக்கிறது. கோடு விலகாமல் ரெஞ்சில் நட் சுற்றினால் நசுங்கல், பெயின்ட்டோ மெத்து வாஷரோ எங்கேயோ மீதி இருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

குவாரி_ஃபிட்டர் எழுதியது:

சரிதான், வெல்டு வாபஸ். அப்ப நைலாக், லாக்டைட், செக் நட் இதெல்லாம் வீணா?

மரையும்_இழுவையும் எழுதியது:

வீண் இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் உண்டு.

நைலாக் நட் கழன்று கீழே விழாமல் காக்கும், இழுவையைக் காக்காது. ஜல்லிக்குள் நட் விழுந்தால் கோன் கிரஷர் வரை போகும் என்ற பயம் இருக்கிற இடத்துக்கு அது சரி. 120 டிகிரிக்கு மேல் நைலான் தாங்காது, கழற்றி மாட்டினால் பிடி குறையும்.

லாக்டைட் 243 மாதிரிப் பசை மரை இடைவெளியை நிரப்பி வழுக்கலைத் தடுப்பதால் உண்மையிலேயே பலன் தரும். சிக்கல் ஒன்று: முழுதாகப் பிடிக்க 24 மணி நேரம். பிடித்த பிறகு மறு-டைட் வைத்தால் பசை உடைந்துபோகும். அதனால் முகமெல்லாம் வெறும் இரும்பாக, அமர்வு மிகக் குறைவாக உள்ள இணைப்புக்கே பசை. பெயின்ட் மேல் பசை போடுவது பயனற்றது. பசையே எண்ணெய் மாதிரி வழுக்கும் என்பதால் காய்ந்த போல்ட் முறுக்கை வைக்கக் கூடாது.

செக் நட் போடுவதானால் மெல்லியது பிளேட்டை ஒட்டி, தடித்தது மேலே. பெரும்பாலான இடத்தில் தலைகீழாகத்தான் போட்டிருக்கும். மெல்லியதைக் கால் முதல் பாதி முறுக்கில் வைத்து, அதை ஸ்பேனரில் பிடித்துக்கொண்டு மேலதை முழு முறுக்கில் இறுக்க வேண்டும். கடைசியில் சுமை தாங்குவது மேலே உள்ள தடித்த நட்தான்.

பூட்டு வாஷர் வேண்டும் என்றால் நார்ட்-லாக் மாதிரி ஜோடி ஆப்பு வாஷர். சாய்வுப்பல் முகங்கள் ஒன்றையொன்று பார்க்க, தலை அடியில் ஒரு ஜோடி, நட் அடியில் ஒரு ஜோடி. அடியில் மெத்தென்ற பிளெய்ன் வாஷர் போட்டால் அந்த வாஷரே சுழன்றுவிடும், போட்டும் போடாத மாதிரி.

ஜல்லிச்சல்லடை எழுதியது:

பிளேஞ்ச் முகம் எடுக்க லேத்துக்குப் போயாச்சு. 10.9 × 110, 10ஆம் எண் நட், கடின வாஷர், ஸ்லீவ் 16 சொல்லியிருக்கிறேன். கடைசியாக ஒன்று: கடைக்காரர் 10.9இல் முழு மரை போல்ட்தான் இருக்கிறது, பாதி மரை வர ஒரு வாரம் ஆகும் என்கிறார். முழு மரை போடலாமா?

முறிவுமுகம் எழுதியது:

தாராளமாகப் போடலாம். இந்த இணைப்பில் தண்டு குறுக்குச் சுமையைத் தாங்கப்போவதில்லையே. முழு மரை போல்ட் கொஞ்சம் அதிகமாகவே நீளும், அது நமக்கு லாபம். தலையில் 10.9 என்ற எண்ணோடு தயாரிப்பாளரின் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள், எண் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். இறுக்கிய பிறகு நட்டுக்கு வெளியே இரண்டு மரை தெரிந்தால் போதும்.